புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து கேம் மூடிக்கொள்கிறது, சில நாள் பிசியே அணைகிறது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

பாளை_கேமர்:

வணக்கம். மூன்று வாரமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் காது கொடுப்பதாக இல்லை, அதனால் இங்கே.

2020 லாக்டவுனில் சேர்த்த பிசி. ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. இதுவரை ஒரு தொந்தரவு கிடையாது. போன மாதம் போனஸ் வந்ததும் செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு ஒன்று வாங்கினேன். அதற்கு வேண்டும் என்று 650 வாட் பவர் சப்ளை புதிதாக. கூடவே 8 ஜிபி ரேம் இன்னும் இரண்டு, வேறு கம்பெனி, ஆனால் வேகம் பழையதைப் போலவே 3200தான். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாட்டினேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. சைபர்பங்க் 2077 விளையாடினால் இருபது நிமிடத்திலும் போகும், ஒன்றரை மணி நேரத்திலும் போகும். ஒரு எரர் மெசேஜ்கூட இல்லாமல் டெஸ்க்டாப்புக்கு வந்து நிற்கும். வேறு சில நாள், பெரும்பாலும் சாயங்காலம், பிசியே படக்கென்று அணைந்துவிடும். பட்டனை அழுத்தினால்தான் மறுபடி எழும். (அதே நேரம் பார்த்து நெட்டும் போய்த் தொலைக்கிறது, அது தனிக்கதை.)

செய்து பார்த்தவை: விண்டோஸ் இரண்டு முறை ஃபார்மட். கார்டின் டிரைவரை சேஃப் மோடில் டிடியு (டிரைவரை மிச்சமில்லாமல் நீக்கும் மென்பொருள்) வைத்துத் துடைத்துவிட்டுப் புதிதாக. கார்டின் சூடு 72 டிகிரியைத் தாண்டவில்லை. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் இடம்) 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக நிற்கிறது. தேடினால் பாதிப் பேர் பவர் சப்ளை போச்சு என்கிறார்கள், மீதிப் பேர் கார்டு போச்சு என்கிறார்கள்.

கடைக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் கார்டைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்று திங்கள்.

எஃப்பிஎஸ்_பைத்தியம்:

யோசிக்கவே வேண்டாம் நண்பா. மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் எடுக்க) இரவு பகலாக ஓட்டி அடித்த கார்டாக இருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

சால்டர்_வாசனை:

அவசரப்படாதீர்கள் தம்பி. உங்களிடம் இருப்பது ஒரு வியாதி அல்ல, இரண்டு. இரண்டுக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் மூன்று வாரம் ஓடியிருக்கிறது.

முதலில் அந்த 41. அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். விண்டோஸ் மறுபடி எழும்போது, "போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லையே" என்று எழுதிவைக்கிற குறிப்பு அது, அவ்வளவுதான். கரண்ட் போனாலும் அதேதான் வரும், நீங்களே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதேதான் வரும். டீடெய்ல்ஸ் பகுதியில் 'பக்செக் கோட்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். 0 என்று இருந்தால் நீலத்திரை (விண்டோஸ் செயலிழக்கும்போது காட்டும் எரர் திரை) பதிவாகக்கூட நேரமில்லாமல் போயிருக்கிறது.

இப்போது, அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதினீர்களே, நெட்டும் போகிறது என்று. என் கண் அங்கேதான் நிற்கிறது. பிசியும் மோடமும் ஒரே யுபிஎஸ்சிலா இருக்கின்றன? ஆம் என்றால் அது எத்தனை விஏ (யுபிஎஸ் மேல் எழுதியிருக்கும் அளவு)? கார்டு கெட்டால் பிசி அணையலாம். மோடம் ஏன் அணைய வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். பழைய 1650 மொத்தமே 75 வாட், தனி பவர் கேபிள் இல்லாமல் ஸ்லாட்டிலிருந்தே ஓடிவிடும். 3070க்கு 220 வாட். ரைசன் 3600 முழு மூச்சில் 88 வாட் வரை இழுக்கும். போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 350ஐத் தொடும், பவர் சப்ளையில் வீணாகிறதையும் கூட்டினால் பிளக்கில் 400க்குப் பக்கம். அதற்கு மேல் மானிட்டர். வீடுகளில் சாதாரணமாக வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். விஏவை வாட் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

அது அணையும்போது யுபிஎஸ் கத்துகிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பாளை_கேமர்:

அண்ணா, பக்செக் கோட் 0தான். யுபிஎஸ் 600 விஏ. பிசி, மானிட்டர், மோடம் மூன்றும் அதில்தான்.

கத்துகிறதா என்று எனக்குத் தெரியவில்லை, விளையாடும்போது ஹெட்போன் போட்டிருப்பேன். அம்மாவிடம் கேட்டேன். "தினமும் சாயங்காலம் கீ கீன்னு கத்துதே, உன் கேம்ல வர்ற சத்தம்னு நினைச்சேன்" என்கிறார்.

சால்டர்_வாசனை:

அம்மாவுக்கு என் வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஆள் அவர்தான்.

சாயங்காலம் தெருவே லைட், மோட்டார், ஏசி போடும்போது வோல்டேஜ் இறங்கும். யுபிஎஸ் உடனே பேட்டரிக்குத் தாவும். 2020இல் வாங்கியது என்றால் உள்ளே இருக்கிற பேட்டரிக்கு ஆயுள் முடிந்திருக்கும். பழைய கார்டுக்கு ஏதோ ஒப்பேற்றியது, இப்போது கையை விரிக்கிறது. இரண்டு நாள் பிசியை நேராகச் சுவர் சாக்கெட்டில் போடுங்கள். எர்த் இருக்கிற மூன்று பின் சாக்கெட்டாக இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

ஆனால் ஒன்று. டெஸ்க்டாப்புக்கு வந்து விழுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றே நினைக்கிறேன். அது ரேம் பக்கம்.

நாலு_ஸ்லாட்:

ரேம் என்றதும் வந்துவிட்டேன், இதில் நானும் கையைச் சுட்டுக்கொண்டவன். 3200 + 3200 என்பதால் நான்கும் 3200இல் ஓடும் என்று கிடையாது. எக்ஸ்எம்பி (ரேமை அந்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அந்தந்த ஜோடிக்காகச் சோதித்து எழுதிய கணக்கு, வேறு ஜோடியோடு சேரும் என்று யாரும் உறுதி தரவில்லை. உங்கள் ரைசனுக்கே இரண்டு குச்சி என்றால் 3200, நான்கு என்றால் சிங்கிள் ராங்க் (குச்சியில் சிப்கள் ஒரே தொகுதி) 2933, டூயல் ராங்க் (இரண்டு தொகுதி) 2667 என்றுதான் ஏஎம்டி வரம்பு சொல்கிறது. அதற்கு மேல் ஓடினால் நம் அதிர்ஷ்டம்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் போட்டு இரவு ஓட்டுங்கள். பழைய ஜோடி தனியாக, புது ஜோடி தனியாக, அப்புறம் நான்கும் சேர்த்து. இரண்டு மட்டும் போடும்போது பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட். சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் அது தப்புதான், "ஒன்றுதானே" என்று விடாதீர்கள்.

பாளை_கேமர்:

வியாழக்கிழமை இரவு எழுதுகிறேன்.

சுவர் சாக்கெட்டில் போட்ட பிறகு மூன்று சாயங்காலம் விளையாடியாகிவிட்டது, பிசி ஒரு தடவைகூட அணையவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் கேம் வழக்கம்போல் டெஸ்க்டாப்புக்கு வந்து விழுந்தது. முதல்முறையாக அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், இரண்டு வியாதி என்று அண்ணா சொன்னது சரியாகிவிட்டதே.

மெம்டெஸ்ட்: பழைய ஜோடி சுத்தம். புது ஜோடியும் சுத்தம். நான்கும் சேர்த்து 3200இல் போட்டேன், முதல் சுற்று முடிவதற்குள் திரை முழுக்கச் சிவப்பு. பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) ரேம் வேகத்தை 2666க்கு இறக்கிவிட்டு நேற்று இரவு ஓட்டவிட்டுத் தூங்கினேன், காலையில் நான்கு சுற்றும் முடிந்து ஒரு தப்பும் இல்லை. இன்று சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்தவன் சாப்பிடக் கூப்பிடும்வரை எழவில்லை. கேமும் மூடவில்லை.

2666இல் வேகம் குறையுமே என்று யாராவது திட்டுவதற்கு முன்: என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, தெரிந்தால் புது ஜோடியைக் கழற்றி அக்கா கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுவேன்.

ஒரு சந்தேகம் மட்டும். யுபிஎஸ் இல்லாமல் எங்கள் தெருவில் ரொம்ப நாள் ஓட்ட முடியாது. 1000 விஏ போதுமா?

சால்டர்_வாசனை:

விஏவைக் கேட்காதீர்கள், பெட்டியின் பின்னால் வாட் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். 1000 விஏ என்று எழுதியிருப்பவற்றில் 600 வாட் தருவதும் இருக்கிறது, அதற்குக் கீழே நிற்பதும் இருக்கிறது. உங்களுக்கு 600 வாட் வேண்டும். கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்கத்தான் அது, தொடர்ந்து விளையாட அல்ல. பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், பேட்டரி மட்டும் மாற்றி மோடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்பிஎஸ்_பைத்தியம்:

மைனிங் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 😀

பாளை_கேமர்:

கடைக்காரருக்கு இன்று மதியம் போன் செய்து கார்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, வைத்துக்கொள்கிறேன் என்றேன். "நான் அன்றைக்கே சொன்னேன் சார், பவரைப் பாருங்கன்னு" என்கிறார். அவர் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.