நாலாம் நாள் ஊற்றிய மண்டி: அது லாம்பிக்கா?

பிரஸ்ஸல்ஸ்காரன்: ஸ்காபரோ சிவா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. போன வருடம் அக்டோபரில் டொராண்டோவில் இருபது லிட்டர் வோர்ட் (முளைகட்டிய தானியத்தின் இனிப்புச் சாறு) காய்ச்சி, ராத்திரி முழுக்க பால்கனியில் திறந்து வைத்தாராம். பதினாலு மாதம் கழித்து "வீட்டிலேயே அசல் லாம்பிக்" என்கிறார். லாம்பிக் என்றால் ஈஸ்ட் போடாமல், காற்றிலும் பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களால் தானாக நொதிக்கும் பெல்ஜியம் பீர். அதே பதிவின் நடுவில், நுரை கட்டாததால் நாலாம் நாள் ஒரு பெல்ஜியம் கூஸ் (லாம்பிக்குகளைக் கலந்து அடைத்த பீர்) பாட்டிலின் அடிமண்டியை ஊற்றியதாகவும் இருக்கிறது. மண்டி ஊற்றினால் அது எப்படி லாம்பிக்? நான் குடியிருப்பது பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்டில். 1900-இல் தொடங்கிய கான்டியோன் லாம்பிக் ஆலை இங்கேதான் இருக்கிறது. கூல்ஷிப் என்ற தட்டையான செம்புத் தொட்டியில் ஒரு ராத்திரி ஆறவிடுவார்கள், அவ்வளவுதான். யாரும் மண்டி ஊற்றுவதில்லை.

ஸ்காபரோ சிவா: அண்ணை, மால்ட் ஆகாத, அதாவது முளைகட்டாத கோதுமை 40 சதவீதம் போட்டேன். கசப்பு போன மூன்று வருடப் பழைய ஹாப்ஸ் பூ போட்டேன். அதையெல்லாம் விட்டுவிட்டு மண்டியிலேயே நிற்கிறீர்கள். 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் லாம்பிக்குக் கொடுத்த பாதுகாப்பு செய்முறைக்குத்தான், ஊருக்கு அல்ல.

பிரஸ்ஸல்ஸ்காரன்: சரி, அந்தச் செய்முறையில் மண்டி இருக்கிறதா?

வடலி: ஆலைக்காரர்கள் ஆறிய வோர்ட்டை எதில் ஊற்றுகிறார்கள்? பழைய மரப்பீப்பாயில். அந்தப் பலகைக்குள் பிரெட்டனோமைசிஸ் (சுருக்கமாக பிரெட்) என்ற காட்டு ஈஸ்ட் வருடக்கணக்காகக் குடியிருக்கிறது. அது மண்டி இல்லையா? எங்கள் ஊர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பழைய கலயத்தில் ஒட்டியிருப்பதுதான் கள்ளைச் சீக்கிரம் பொங்க வைக்கிறது. அதனால் அது கள் இல்லை என்பீரோ?

பிரஸ்ஸல்ஸ்காரன்: அது அந்தக் கலயத்தின் சொந்த மண்டி. இவர் ஊற்றியது கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டில் மண்டி. அடுத்தவர் வீட்டு உறையை ஊற்றிவிட்டு, தயிர் தானாக உறைந்தது என்று சொல்வீர்களா? அப்புறம், தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கள் எங்கே குடித்தீர்கள் நீங்கள்?

வடலி: நான் யாழ்ப்பாணத்தான் ஐயா. எங்கள் ஊர்க் கள்ளுக்கடையான தவறணையில் குடித்தேன். தமிழன் என்றால் தமிழ்நாடு மட்டும்தானா? போன விவாதத்திலும் இதையேதான் செய்தீர்.

பிரஸ்ஸல்ஸ்காரன்: ஊரை விடுங்கள். மண்டிக்குப் பதில் சொல்லுங்கள்.

புளிப்புப் பிரியை: இவ்வளவு சண்டை எதற்கு? லாக்டோபேசிலஸ் என்ற புளிக்க வைக்கும் பாக்டீரியாவைப் போட்டு 40 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் பி.எச். (எண் குறைந்தால் புளிப்பு கூடும்) 3.4-க்கு வந்துவிடும். கொதிக்க வைத்து ஈஸ்ட் போடுங்கள். ஒரு மாதத்தில் குடிக்கலாம்.

பிரஸ்ஸல்ஸ்காரன்: அது வெறும் புளிப்பு. அதில் பிரெட்டின் தோல் வாசனை எங்கே? மூன்று வருட லாம்பிக்கையும் ஒரு வருட லாம்பிக்கையும் கலந்த கூஸை ஒரு வாய் குடித்தவர்கள் இப்படி எழுத மாட்டார்கள்.

புளிப்புப் பிரியை: குடித்திருக்கிறேன். போன வருடம் உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் அடர்த்தி எண் 1.012-இல் (சர்க்கரை நொதிக்க நொதிக்க இது இறங்கும்) பாட்டிலில் அடைத்தேன். "இரண்டு வாரமாக எண் மாறவில்லை, அடைக்கலாம்" என்று சொன்னது நீங்கள். மிச்ச மாவுச்சத்தை பிரெட் மெதுவாகத் தின்று 1.003-க்கு இறக்கியது. ஆறு பாட்டில் வெடித்தது. குழந்தை அந்த அறையில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

பிரஸ்ஸல்ஸ்காரன்: தடித்த பாட்டிலில் அடைக்கச் சொன்னேன். நீங்கள் சோடா பாட்டிலில் அடைத்தீர்கள்.

புளிப்புப் பிரியை: பாட்டிலைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய பதிவு அப்படியே இருக்கிறது, போய்ப் படியுங்கள்.

ஸ்காபரோ சிவா: என் பீர் 1.002-இல் நாலு மாதமாக நிற்கிறது. ஐந்தாம் மாதம் பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் எண்ணெய் போல இழுபட்டது. பிரெட் அதைச் சரிசெய்யும் வரை தொடாமல் காத்திருந்தேன். அந்தப் பொறுமைக்கு மரியாதை இல்லையா?

பிரஸ்ஸல்ஸ்காரன்: பொறுமைக்கு மரியாதை உண்டு. பெயருக்குக் கிடையாது. ஐந்தாம் நாள் வரைக்கும் பொறுத்திருந்தால் தானாகவே நுரைத்திருக்கும். நாலாம் நாள் ஏன் ஊற்றினீர்கள்?

ஸ்காபரோ சிவா: பி.எச். 4.5-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் கெட்ட கிருமி வளரும் என்ற பயம். வீட்டில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிரஸ்ஸல்ஸ்காரன்: அதற்கு லாக்டிக் அமிலம் இருக்கிறது. முதல் நாளே கொஞ்சம் விட்டிருக்கலாம். மண்டி எதற்கு?

வடலி: அமிலம் ஊற்றலாம், மண்டி ஊற்றக்கூடாது! அமிலம் என்ன, ஆண்டர்லெக்ட் காற்றில் மிதந்து வருகிறதா?

பிரஸ்ஸல்ஸ்காரன்: அமிலம் நொதிக்காது. மண்டி நொதிக்கும். பத்தாவது தடவையாகக் கேட்கிறேன், மண்டி ஊற்றாமல் ஒரு சட்டியாவது வைத்துப் பார்த்தாரா இல்லையா?

புளிப்புப் பிரியை: என் ஆறு பாட்டிலுக்கு இன்னும் பதில் வரவில்லை.