மச்சானுக்கு முதுகெலும்பு ஆபரேஷன், அவசரமாகப் பணம் திரட்ட வேண்டும், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருப்பாலைக்குடி_தம்பி:

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வீட்டுக்காரர், வயது 36, சொந்த வல்லம் (நாட்டுப் படகு) கிடையாது, அடுத்தவர் வல்லத்தில் மீன் பங்குக்குப் போகிறவர். கரைக்குத் திரும்பும்போது வல்லம் அலையில் ஏறி இறங்கியதில், அணியத்தில், அதாவது முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத் தூக்கிப் போட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே குறுக்குப் பலகை மேல் விழுந்திருக்கிறார். ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பதற்றத்தில் யாரோ சொன்ன ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

எல்1 என்கிற இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு நொறுங்கி அதில் ஒரு துண்டு தண்டுவடத்தை அழுத்துகிறதாம். வலது கால் பலம் குறைந்திருக்கிறது, நேற்றிலிருந்து சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். கம்பியும் ஸ்குருவும் வைத்து ஆபரேஷன் பண்ண வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்கிறார் டாக்டர். மொத்தம் 3,80,000 ரூபாய், அதில் 1,50,000 முன்பணம் கட்டினால்தான் தேதி. காப்பீடு இங்கே செல்லாது என்று கவுண்டரிலேயே சொல்லிவிட்டார்கள்.

கையில் 40,000 இருக்கிறது. அக்காவிடம் 6 பவுன் நகை. மீன் வியாபாரி ஒருவர் ஒன்றரை லட்சம் உடனே தருகிறேன் என்கிறார். நண்பன் ஒருவன் ஆன்லைனில் நிதி திரட்டும் பக்கம் திறக்கலாம் என்கிறான், துபாயில் இருக்கும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வசூல் பண்ணித் தருகிறோம் என்கிறார்கள். எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், எதையும் கேட்டு முடிவு பண்ணுகிற நிலைமையில் அவள் இல்லை.

காப்பீட்டு_மேசை:

தம்பி, நான் வேறு மாவட்டத்தில் ஒரு மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் வேலை பார்க்கிறேன். பணம் எப்படித் திரட்டுவது என்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். மச்சான் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா இல்லையா? ஊரில் இன்னும் கலைஞர் காப்பீடு என்றுதான் சொல்வார்கள், 2009இல் அந்தப் பெயரில்தான் வந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். பங்குக்குப் போகிறவர் குடும்பம் இதில் வராமல் வேறு யார் வருவது?

"இங்கே செல்லாது" என்று கவுண்டரில் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அந்த மருத்துவமனையே திட்டத்தில் இல்லாமல் இருக்கலாம், அல்லது திட்டத்தில் இருந்தும் முதுகெலும்பு ஆபரேஷனுக்கு மட்டும் அங்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம். எது என்று கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளைகளுக்கு முழு விவரம் தெரியாது, 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்கு அடித்து, மதுரையில் எந்தெந்த மருத்துவமனை முதுகெலும்புக்கு அனுமதி பெற்றது என்று நீங்களே கேளுங்கள். இது கையில் பணம் தரும் திட்டம் இல்லை. டாக்டர் குறிப்பு, ஸ்கேன் எல்லாம் ஏற்றி, அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன். அவசரக் கேஸ் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அனுமதி சீக்கிரம் வரும். ஆனால் தனியாரில் பணம் கட்டி முடித்துவிட்டு அட்டையை நீட்டினால் ஒன்றும் நடக்காது.

அட்டை இல்லையென்றாலும் வழி அடைபடவில்லை. விஏஓவைப் பார்த்து வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவற்றோடு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டுப் பிரிவுக்கு ஒருவர் ஓட வேண்டும், ஆஸ்பத்திரியில் இருந்து சேர்க்கைக் கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, மதுரையில்தானே இருக்கிறீர்கள்? கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டம், வராண்டாவில் படுக்கை, எல்லாம் உண்மை. ஆனால் மரத்தில் இருந்து விழுந்தவர், வண்டியில் அடிபட்டவர் என்று தென்மாவட்டத்து முதுகெலும்புக் கேஸ்கள் வந்து குவிகிற இடம் அது, அங்கே இருக்கிறவர்களுக்குக் கை பழகியிருக்கும். டாக்டரிடம் நேரடியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், வேறு இடத்துக்கு மாற்றினால் ஆபத்தா?" கால் பலம் குறைந்து சிறுநீரும் தானாகப் போகவில்லை என்றால் அவசரம் நிஜம்தான். அந்தப் பதிலை வைத்துத்தான் மற்றது எல்லாம்.

"நம்மைக் காக்கும் 48" இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அந்த அரசுத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும். அதன் பின்னால் அலைய வேண்டாம்.

மண்டபம்_கரைவலை:

வியாபாரியிடம் வாங்காதீர்கள் தம்பி. வட்டி இல்லை என்றுதான் சொல்வார், ஆனால் அதற்கு அப்புறம் பிடிக்கிற மீன் எல்லாம் அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்கிற விலைதான் விலை. அதுவும் மச்சான் எப்போது கடலுக்குப் போவார் என்றே தெரியாதபோது அந்தக் கடன் யார் தலையில் விழும்? அக்கா தலையில்தான். எங்கள் தெருவில் இப்படி வாங்கின முன்பணத்தை மகன் வளர்ந்து அடைத்த கதை இருக்கிறது.

நகையை விற்காமல் அடகு வையுங்கள், அதையும் கூட்டுறவுச் சங்கத்திலோ அரசு வங்கியிலோ வையுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி பக்கம் போகவே வேண்டாம். 2003லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் சட்டம் வந்து காப்பாற்றுகிற நேரத்துக்குள் வீட்டுப் பத்திரம் போய்விடும்.

அப்புறம் முக்கியமான விஷயம், யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பதிவு பெற்ற மீனவருக்குப் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விபத்துக் காப்பீடு இருக்கிறது, மீனவர் கையில் இருந்து ஒரு பைசா பிரீமியம் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 வரை, நிரந்தரமாக ஓரளவு ஊனம் என்றால் 2.5 லட்சம், முழு ஊனம் அல்லது உயிரிழப்பு என்றால் 5 லட்சம். இது இன்றைக்கே கைக்கு வராது. ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது: மீன்வளத்துறை ஆபீஸில் எழுத்தில் தகவல் கொடுங்கள், கூட வல்லத்தில் இருந்தவர்கள் கையெழுத்து வாங்குங்கள், ராமநாதபுரத்தில் முதலில் பார்த்தபோது போட்ட விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கி வையுங்கள். அதில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று யாராவது எழுதியிருந்தால் போச்சு, பின்னால் கடலில் நடந்தது என்று நிரூபிக்க முடியாமல் முழிப்பீர்கள்.

கீழக்கரை_அஜ்மான்:

சொந்தக்காரர்களை வாட்ஸ்அப் வசூலை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நான் இங்கே அமீரகத்தில் இருந்துதான் எழுதுகிறேன். அனுமதி பெற்ற அமைப்பைத் தவிர வேறு யாரும் நன்கொடை கேட்டு வசூல் பண்ணக் கூடாது, 2021இல் போட்ட சட்டம் இன்னும் கடுமை, குரூப்பில் போஸ்டர் பகிர்ந்தவருக்கே அபராதம், ஜெயில் என்று போகலாம். மாமன் மச்சான் தன் சம்பளத்தில் இருந்து தன் வீட்டுக்கு அனுப்புவது வேறு, குரூப்பில் போட்டு ஊரார் பணத்தை ஒருவர் கையில் சேர்ப்பது வேறு. அவரவர் தனித்தனியாக வங்கி வழியில் அனுப்பட்டும்.

உண்டியலில் (வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் கைமாற்றுவது) அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடும் என்று சொல்வார்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். அதைவிட, அந்தப் பணம் ரொக்கமாக வரும், ஆஸ்பத்திரி பில்லில் 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தராது. கடைசி நேரத்தில் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு கவுண்டரில் நிற்க வேண்டியிருக்கும்.

ஊரில் கேட்க வெட்கப்படாதீர்கள். ஜமாஅத்தில், ஊர்க்கூட்டத்தில், மீனவர் சங்கத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். ஒரு நாள் பிடிக்கிற மீன் வருமானத்தில் ஆளுக்கு ஒரு பங்கு என்று முடிவானால் ஆன்லைன் பக்கம் தருகிறதைவிட வேகமாக வரும். (வடக்கே பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மாதிரி நம் ஊரில் விருந்து வைத்து மொய்ப் பணம் திரட்டுகிற மொய் விருந்து வழக்கம் கிடையாது, இருந்தால் இந்நேரம் பத்திரிகை அடித்திருப்போம்.)

வெயில்_பட்டணம்:

ஆன்லைன் பக்கம் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். மிலாப், கீட்டோ மாதிரியான தளங்கள் மோசம் இல்லை, ஆனால் பக்கம் திறந்ததும் முகம் தெரியாதவர்கள் வந்து கொட்டுவார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். முதலில் போடுகிறவர்கள் எப்போதும் உங்கள் கல்லூரி நண்பர்கள், கூட வேலை பார்க்கிறவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் பகிர்ந்தால்தான் அடுத்த வட்டத்துக்குப் போகும். உங்கள் கேஸில் இருக்கிற அவசரத்துக்கு அது வந்து சேருமா என்பது சந்தேகம். தளம் எவ்வளவு பிடித்துக்கொள்ளும், விளம்பரத்துக்குத் தனியாகக் கழிப்பார்களா என்று எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நன்கொடை தருகிறவர் பணம் கட்டும் இடத்தில் தளத்துக்கு டிப்ஸ் என்று ஒரு தொகை தானாகச் சேர்ந்திருக்கும், அதை நீக்கலாம் என்று பலருக்குத் தெரிவதில்லை.

முடிந்தவரை பணம் ஆஸ்பத்திரிக் கணக்குக்கே நேராகப் போகட்டும். உங்கள் கணக்கில் விழுந்தால் சொந்தக்காரர் அல்லாதவர் தந்தது ஒரு வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் வரிக் கணக்குக் கேட்பார்கள், அதைவிட ஊர் கணக்குக் கேட்கும். யார் எவ்வளவு தந்தார் என்று ஒருவரே ஒரு நோட்டில் எழுதட்டும். அக்கா போன் நம்பரைப் போஸ்டரில் போடாதீர்கள், இரவெல்லாம் அடிப்பார்கள். போஸ்டரை எடுத்து க்யூஆர் கோடை மாற்றித் தன் கணக்கைப் போட்டுச் சுற்றுக்கு விடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அதனால் பெறுபவர் பெயர் என்ன என்று வரும் என்பதையும் போஸ்டரிலேயே எழுதுங்கள். மச்சான் குழாயோடு படுத்திருக்கிற படத்தைப் போடாமலே எம்ஆர்ஐ ரிப்போர்ட்டையும் மதிப்பீட்டுக் கடிதத்தையும் போடலாம், நம்புகிறவர்கள் அதைப் பார்த்தே நம்புவார்கள்.

சாயல்குடி_பனங்காடு:

என் அண்ணன் பனையில் இருந்து விழுந்தவர், இடுப்புக்குக் கீழே போய்விட்டது. அதனால் சொல்கிறேன் தம்பி, எல்லாரும் ஆபரேஷன் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆபரேஷன் நல்லபடியாக நடந்த பிறகும் மாதக்கணக்கில் வருமானம் இருக்காது, குழாய், டயப்பர், காற்று மெத்தை, பிசியோ, ஆட்டோ வாடகை என்று சில்லறை சில்லறையாகப் போகும். ஊரில் ஆபரேஷனுக்குத் தருகிற மாதிரி அதற்கு யாரும் தருவதில்லை. ஆகவே காப்பீட்டிலோ அரசு ஆஸ்பத்திரியிலோ ஆபரேஷன் முடியும் என்றால் அப்படியே முடியுங்கள், திரட்டுகிற பணத்தை அடுத்த ஆறு மாதத்துக்கு வையுங்கள். கேட்கும்போதே அதைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், உடம்பு முறுக்காமல் ஒரே கட்டையாக. எப்படி என்று நர்ஸிடம் அக்காவைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். படுக்கைப் புண் வந்தால் அதற்கு ஆகிற செலவும் வேதனையும் தனிக்கதை.

கால் முழுதாகத் திரும்பாவிட்டால் வீட்டில் போட்டு வைக்காதீர்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1981இல் தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணனே முதுகுத் தண்டுவடம் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிறார்கள். வேலூர் சிஎம்சிக்குப் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் இருக்கிறது, ஆனால் நமக்கு ஆய்க்குடி கிட்டே. தண்டுவடப் பாதிப்புக்கு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, மாற்றுத்திறனாளி அலுவலகத்தில் அடையாள அட்டை எடுத்த பிறகு கேளுங்கள். இதெல்லாம் தேவைப்படாமலே போகட்டும்.

திருப்பாலைக்குடி_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. அட்டை இருக்கிறது! மச்சானின் அம்மா வீட்டில், டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஆனால் அது கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, மச்சான் பெயர் இருக்கிறது, அக்கா, பிள்ளைகள் பெயர் இல்லை. செல்லுமா? டாக்டரிடம் கேட்டேன். இன்றைக்கு மாற்றினால் பரவாயில்லை, நாலைந்து நாள் இழுக்காதீர்கள் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு (அரசு ராஜாஜி) மாற்றலாம் என்று நினைக்கிறோம். வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, அவருக்குக் கொஞ்சம் கோபம்.

காப்பீட்டு_மேசை:

படுத்திருக்கிறவர் பெயர் அட்டையில் இருப்பதுதான் முதலில் முக்கியம். ஆதாரில் இருக்கிற பெயரும் அட்டையில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகிறதா பாருங்கள், இன்ஷியல் மாறியிருந்தாலே இழுக்கும். ரேஷன் கார்டு தனியாகப் பிரித்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு இலவச எண்ணில் அட்டை நம்பரைச் சொல்லி நடப்பில் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள், பெயர் சேர்ப்பதை அப்புறம் பார்க்கலாம்.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் காலில் எவ்வளவு பலம் இருக்கிறது, குழாய் என்றைக்குப் போட்டது என்று எழுதி வாங்குங்கள். எம்ஆர்ஐ ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, ஃபிலிம் அல்லது சிடி கேளுங்கள், இல்லாவிட்டால் அங்கே மறுபடி எடுக்கச் சொல்லி ஒரு நாள் போகும். இதுவரைக்குமான பில்லைக் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். ஆம்புலன்ஸில் பலகையோடுதான் படுக்க வைக்க வேண்டும், காரில் உட்கார வைத்துக் கூட்டிப்போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சேர்த்ததும் அங்கே இருக்கிற காப்பீட்டுப் பிரிவுக்கு ஒருவரை அனுப்பிவிட்டு இங்கே எழுதுங்கள், என்ன சொன்னார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.