இயந்திரத்துக்கான தேதி யார் காதிலும் விழக் கூடாது

கயல்: நிகழ்ச்சிப் பட்டியல் பக்கம் ஒன்று செய்கிறேன். திரையில் "ஏப்ரல் 3, மாலை 5 மணி". காலண்டர் செயலிகள் எடுத்துக்கொள்வதற்காக அதே தேதியை ஐஎஸ்ஓ 8601 வடிவில் (ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் சர்வதேச முறை), சுருக்கச் சொற்களுக்கான ஹெச்டிஎம்எல் குறியான 'ஏபிபிஆர்' டேகின் டைட்டிலில், அதாவது விரிவை எழுதும் பண்பில், வைத்திருக்கிறேன். பக்கத்தின் குறிகளுக்குள்ளேயே நிகழ்ச்சி விவரத்தை இயந்திரத்துக்குச் சொல்லும் பழைய ஹெச்காலண்டர் மைக்ரோஃபார்மட் முறை. இதை மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

செவிவழி: அவசியம். நான் நாள் முழுக்க, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரில் வேலை செய்பவன். சுருக்கங்களை விரித்துப் படி என்று அமைத்திருந்தால், திரையில் உள்ள சொல்லுக்குப் பதில் டைட்டில்தான் காதில் விழும். தேதியை 20250403 என்று ஒட்டி எழுதியிருந்தால், குரலைப் பொறுத்து "இரண்டு கோடியே இரண்டு லட்சத்து ஐம்பதாயிரத்து நானூற்று மூன்று" என்று வரும். அப்புறம் தேதியையும் நேரத்தையும் பிரிக்கும் ஒரு "டி". அதன் பின் 170000, அதாவது "ஒரு லட்சத்து எழுபதாயிரம்". இதில் மாலை 5 மணி எங்கே?

வேதா: அந்த அமைப்பு பெரும்பாலும் இயல்பாக அணைந்தே இருக்கும். யாரோ சிலர் போட்டுக்கொள்வதற்காக நல்ல மார்க்கப்பை (பக்கத்தின் குறிகளை) ஏன் உடைக்க வேண்டும்? மனிதருக்கான தேதியும் இயந்திரத்துக்கான தேதியும் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒன்றை மாற்றும்போது மற்றது கண்ணில் படும். இயந்திரத்துக்கான விவரத்தை மட்டும் ஜேசன்-எல்டி என்ற தரவுத் துண்டாகத் தனியாகப் பிரித்தால், நிகழ்ச்சி தள்ளிப்போன அன்றே இரண்டும் இரண்டு தேதி சொல்லும்.

செவிவழி: அந்தச் சிலர் யார்? சுருக்கங்களின் விரிவு தேவைப்படுகிறவர்கள். அதற்காகத்தான் அந்த டேக்கே இருக்கிறது. "ஏப்ரல் 3" என்பதற்கு எண்சரம் விரிவாகாது. இது புதிய புகாரும் இல்லை. 2007 ஏப்ரலில் வலை வல்லுநர்களான ஜேம்ஸ் கிரெய்க்கும் புரூஸ் லாசனும் இதையே விரிவாக எழுதினார்கள். 2008 ஜூனில் பிபிசி தன் நிகழ்ச்சிப் பக்கங்களிலிருந்து ஹெச்காலண்டரை எடுத்துவிட்டது. அதன் பிறகுதான், 2009இல், மைக்ரோஃபார்மட் குழுவே மாற்று முறை கொண்டுவந்தது.

மாறன்: வேதா கேட்கும் "ஒரே இடம்" இப்போது ஹெச்டிஎம்எல்லிலேயே இருக்கிறதே. 'டைம்' டேக். உள்ளே மனிதருக்கான சொல், 'டேட்டைம்' பண்பில் 2025-04-03. ஸ்கிரீன் ரீடர்கள் பொதுவாக உள்ளே இருக்கும் சொல்லைத்தான் படிக்கும், பண்பைத் தொடாது. 2011இல் அதை விவரக்குறிப்பிலிருந்து நீக்கினார்கள். எதிர்ப்பு வந்ததும் சில வாரங்களில் திரும்பி வந்தது.

வேதா: சரி, டைம் டேகை ஏற்கிறேன். ஆனால் உள்ளே 03/04/25 என்று இருந்தால்? ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? சரியான தேதி பண்பில் இருக்கிறது, கேட்பவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. அப்படியானால் ஸ்கிரீன் ரீடர் பண்பைப் படிப்பதுதானே நியாயம்?

செவிவழி: பார்ப்பவருக்கும்தான் கிடைப்பதில்லை. கண்ணுக்குக் குழப்பமான தேதி காதுக்கும் குழப்பம்தான். மாதத்தைச் சொல்லால் எழுதுங்கள், இரண்டு பேருக்கும் தீரும். எங்களுக்கென்று மறைவாக வேறொரு வாசகம் வைப்பதை நான் விரும்பவில்லை. பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்து ஒன்று சொல்வார், நான் கேட்டது வேறாக இருக்கும்.

கயல்: அப்படியென்றால் ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் வேறு சொல் தரும் ஏரியா-லேபிள் பண்பு?

மாறன்: வேண்டாம். தனக்கென்று பொருள் இல்லாத வெறும் 'ஸ்பான்' டேகின்மீது ஏரியா-லேபிள் வைப்பதை, அந்தப் பண்பை வரையறுக்கும் ஏரியா 1.2 தரநிலையே தடை செய்கிறது. சில இடங்களில் வேலை செய்வதுபோலத் தெரியும், வேறு இடத்தில் காணாமல் போகும். படிக்கப்பட்டாலும், விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் திரையில் அந்த லேபிள்தான் வரும், எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிறவருக்கு மூலச் சொல் கிடைக்காது. டைம் டேகோடு நிறுத்துங்கள். பக்கத்தின் மொழியையும் 'லாங்' பண்பில் சரியாகக் குறியுங்கள். அது இல்லாமல் "ஏப்ரல்" என்பதை ஆங்கிலக் குரலிடம் கொடுத்தால் மாதத்தை விட்டுவிட்டு 3ஐ மட்டும் படிக்கிற குரல்களும் உண்டு.

வேதா: ஜேசன்-எல்டி தேடுபொறிகளுக்காக எப்படியும் வேண்டும் என்பார்கள். அதையும் டைம் டேகையும் ஒரே தரவுப் புலத்திலிருந்து உருவாக்கினால் என் முக்கிய ஆட்சேபம் போகிறது. கையால் இரண்டு இடத்தில் எழுதுவதை மட்டும் எப்போதும் எதிர்ப்பேன்.

செவிவழி: அதில் நானும் உங்கள் பக்கம். கயல், மாற்றிய பிறகு சுருக்க விரிவை ஆன் செய்து ஒருமுறை, ஆஃப் செய்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் "ஏப்ரல் 3, மாலை 5 மணி" என்றே வர வேண்டும்.