சிதைந்துபோன அந்துப்பூச்சி, அடையாளம் காண உதவுங்களேன்

அலமாரியை நகர்த்தியபோது பின்னால் ஒரு பெரிய அந்துப்பூச்சி செத்துக் காய்ந்து கிடந்தது. வயிற்றை எறும்பு தின்றுவிட்டது, உணர்கொம்பு இரண்டும் இல்லை, இடது முன்இறக்கை பாதி கிழிந்திருக்கிறது. வலது முன்இறக்கை அடியிலிருந்து நுனி வரை 5 செ.மீ. தெரியாமல் விரலால் தொட்டுவிட்டேன், செதில்கள் பழுப்புப் பொடியாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன (திட்டாதீர்கள்).

முதுகில் மஞ்சளாக, மண்டை ஓடு மாதிரி ஒரு குறி பாதி அழிந்து தெரிகிறது. அதனால் அக்கெரோன்டியா பேரினம்தான் என்று நினைக்கிறேன், தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்குமே, அதுதான். அதில் மூன்று இனங்கள். எனக்கு ஸ்டிக்ஸா லாக்கெசிஸா என்பதில்தான் குழப்பம். லாக்கெசிஸுக்குப் பின்இறக்கையின் அடிப்பகுதி கறுப்பாக இருக்கும், ஆனால் இதில் பின்இறக்கை மடங்கி உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது, விளிம்பில் கொஞ்சம் மஞ்சள் மட்டும் தெரிகிறது.

மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சோடு ஓரிரு நாள் வைத்தால் இளகும் என்கிறார்கள். இவ்வளவு சிதைந்ததற்கு அது சரிப்படுமா, பூஞ்சை பிடித்துவிடாதா? அப்புறம், பின்இறக்கையைப் பார்க்காமலே இனத்தைச் சொல்ல வேறு வழி இருக்கிறதா? படங்கள் கீழே.