கண்ணுக்கு நல்ல மணி, உள்ளே நஞ்சு: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

கதிரறுப்பு

அஃப்ளாடாக்சின், அதாவது தானியத்திலும் கடலையிலும் பிடிக்கும் பூஞ்சை விடுகிற நஞ்சு, இங்கே யாருக்கும் புதிதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மக்காச்சோளம் ஒடித்த சமயத்தில் நான்கு நாள் மூட்டம். கதிர்களைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன். ஐந்தாம் நாள் குவியலுக்குள் கையை விட்டேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டது போலச் சுட்டது. அப்போதே பிரித்துப் பரப்பியிருக்க வேண்டும். வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று கையை எடுத்துக்கொண்டேன்.

வெயிலும் வந்தது, மணியும் காய்ந்தது. கடித்தால் பல்லில் நொறுங்கியது. ஒரு மணிகூடக் கறுக்கவில்லை. வாங்க வந்தவர்கள் எடுத்த முதல் மாதிரியில் நஞ்சு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். அடுத்த மாதிரியில் 52. ஒரே களம், ஒரே குவியல்! கருவி பழுது என்று அங்கேயே சண்டை போட்டேன். சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரமாகிறது, அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி இரண்டு விடை வந்ததுண்டா?

துலாக்கோல்

ஐயா, கருவிமேல் பழி போடாதீர்கள். பதினொரு வருடம் பரிசோதனைக்கூடத்தில் மாதிரி அரைத்தவன் சொல்கிறேன். இந்த நஞ்சு மூட்டை முழுக்க உப்புப்போலக் கரைந்து பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான மணிகளில் ஒன்றிரண்டில் குவிந்து கிடக்கும். அந்த மணி மாதிரிக்குள் விழுந்தால் 52, தப்பினால் 6. இரண்டுமே உண்மையான விடைதான். பிழையின் பெரும்பகுதி மாதிரி எடுக்கும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. மேலாக ஒரு பிடி அள்ளிக்கொண்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

என் கதை நிலக்கடலையில். ஒரு சரக்கின் மாதிரி சுத்தம் என்று வந்தது, சான்றிதழில் கையெழுத்தும் போட்டாயிற்று. மீதமிருந்த பருப்பில் ஒன்றை எடுத்து ஏதோ நினைவில் பிளந்தேன். மேல்தோலில் ஒரு கீறல் இல்லை. இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருந்த குழியில் மஞ்சள் கலந்த பச்சைப் பொடி. அந்த ஒரே பருப்பைத் தனியாகச் சோதித்தோம். மூன்று முறை நீர்க்கச் செய்த பிறகுதான் கருவி அளக்கக்கூடிய எல்லைக்குள் வந்தது. அந்தச் சான்றிதழைக் கிழித்துவிட்டேன். அதற்கு முன் கையெழுத்திட்டவற்றை என்ன செய்வது?

கறவை

கதிரறுப்பு ஐயா, திரும்பி வந்த சரக்கு எங்கே போயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மனிதருக்குத்தான் ஆகாது, மாட்டுக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லி எனக்கு ஒருவர் கடலைப் புண்ணாக்கு விற்றார். மாடுகள் ஆவலாகத் தின்றன. பத்தாம் நாள் பால் சோதனையில் எம்1 அளவு மீறியதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். மாடு தின்கிற அஃப்ளாடாக்சின் பி1 அதன் கல்லீரலில் எம்1 என்ற நஞ்சாக மாறிப் பாலில் இறங்குகிறது, அதுவும் ஒரு நாளுக்குள். காய்ச்சினாலும் போகாது.

தொலைபேசியைக் காதில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தேன். எதிரே என் மூன்று வயது மகள், மேலுதட்டில் பால் கோட்டுடன், காலி டம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றாள்.

புண்ணாக்கை நிறுத்திய சில நாட்களில் பால் சுத்தமாகிவிட்டது. மருத்துவர் பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் அந்தப் பத்து நாள் போனது போனதுதானே.

செக்கடி

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? எங்கள் வீட்டில் பூசணம் பட்ட கடலையைத் துடைத்து வறுத்துச் சாப்பிட்டே வளர்ந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வறுக்கிற சூட்டில் எந்த விஷம் நிற்கும்?

துலாக்கோல்

நிற்கும். பூஞ்சை சாகும், அது விட்டுச்சென்ற நஞ்சு நிற்கும். வறுப்பதால் ஓரளவு குறையலாம், முழுக்க அழியாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தது கடலைப் புண்ணாக்கு கலந்த தீவனத்தால்தான். இந்த நஞ்சை அடையாளம் கண்டதே அதற்குப் பிறகுதான். 2004-இல் கென்யாவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று 317 பேர் நோயுற்றார்கள், 125 பேர் இறந்தார்கள். அவர்களும் அதைச் சமைத்துத்தான் சாப்பிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய். அது இருபது, முப்பது வருடம் கழித்து வரும்போது எந்தக் கடலையைக் காரணம் காட்டுவீர்கள்? ஒன்றும் ஆகவில்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

உழவுச்சால்

எனக்கும் ஒரு வருடம் நிலக்கடலை மொத்தமாகத் தள்ளுபடியானது. கடைசி ஒரு மாதம் மழை இல்லை, மண் வெடித்துக் கிடந்தது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் நீங்கள் எல்லோரும் குவியலையும் மாதிரியையுமே பேசுகிறீர்கள், அது தவறு. பூஞ்சை வயலிலேயே உள்ளே போய்விடுகிறது. காய் முற்றுகிற கடைசி வாரங்களில் மண் சூடேறி ஈரம் வற்றினால் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வலிமையை இழக்கிறது. ஒரே ஒரு தண்ணீர்தான் கட்ட முடியும் என்றால் அதை அப்போது கட்டுங்கள். கரையான் துளைத்த காய், கொத்து பட்ட காய், முன்கூட்டியே காய்ந்து செத்த செடியின் காய், இவற்றை நல்லதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். மக்காச்சோளத்தில் கதிரைத் துளைக்கும் புழுதான் பூஞ்சைக்கு வாசல் திறக்கிறது. பிடுங்கிய கடலைச் செடியைக் காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். உடைக்க எளிது என்று காயின்மேல் தண்ணீர் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நஞ்சுக்கு நீரூற்றுவதுதான்.

பல்லால் கடித்துப் பார்ப்பது அளவு ஆகாது. ஈரமானி இல்லையென்றால் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மணியும் நன்றாகக் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னும் ஒரு வெயில் காட்டுங்கள்; மக்காச்சோளம் 13-க்கும், நிலக்கடலைப் பருப்பு 7, 8-க்கும் இறங்க வேண்டும். காற்றுப் புகாத பை நல்லதுதான், ஆனால் ஈர மணியைக் காய வைக்கிற வேலையை அது செய்யாது.

இன்னொன்று. நஞ்சு உண்டாக்காத அதே இனப் பூஞ்சையை, முளைக்காதபடி செய்த சோள மணியில் ஏற்றி, பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஹெக்டேருக்கு 10 கிலோ வயலில் தூவுகிறார்கள். அது இடத்தைப் பிடித்துக்கொள்ள, நச்சுப் பூஞ்சைக்கு இடமில்லாமல் போகிறது. நைஜீரியா உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அஃப்ளாசேஃப் என்ற பெயரில் இது பயன்பாட்டில் இருக்கிறது. கறவை அவர்களே, தீவனத்தில் நஞ்சைப் பிடித்துவைக்கும் களிமண் கலக்கலாம்.

கறவை

நான் வழி கேட்கவில்லை, உழவுச்சால். களிமண் குறைக்குமே தவிர முழுக்க நீக்காது என்று எனக்கும் தெரியும். அதை நம்பிக் கெட்ட தீவனம் வைக்கிறவர்கள் கூடிவிடுவார்கள். நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கதிரறுப்பு

பதில் சொல்கிறேன். தீவன வியாபாரியிடம் விற்றேன். 52 என்று அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் மகளைப் பற்றிப் படித்த இரவே அவரைக் கூப்பிட்டேன். மூன்று பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததாகச் சொல்லி இரண்டு எண்கள் தந்தார். முதல் பண்ணைக்காரரிடம் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. நிறுத்தச் சொன்னேன், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கறவை மாட்டுக்குத்தான் வைத்தேன் என்றார். இரண்டாவது எண்ணில் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது பண்ணை எது என்பது வியாபாரிக்கே நினைவில்லை. நாளைக் காலை அவரிடம் நேரில் போய்க் கணக்குப் புத்தகத்தைக் கேட்கப் போகிறேன்.