கிளிஞ்சல் சோதனைக்கு ஒரு ஐடியா சொல்லுங்க
வணக்கம்ங்க, மன்னார்குடியில அக்கா பொண்ணு பத்தாவது படிக்கிறா, ஸ்கூல் கண்காட்சிக்கு பரப்பளவு கூடுனா வினை வேகமும் கூடும்னு காட்டணுமாம். நாகப்பட்டினம் கடற்கரையில பொறுக்குன கிளிஞ்சல ஒரே எடையில முழுசா ஒரு பங்கு, அம்மியில நுணுக்கி ஒரு பங்குன்னு எடுத்து வினிகர் ஊத்துனோம், தூளு போட்ட டம்ளர் சோடா மாதிரி பொங்குது, முழுசு போட்டதுல சும்மா குமிழி ஒட்டிக்கிட்டு நிக்குது. காரணம் அவளுக்கே தெரியும், 1 செ.மீ கனசதுரத்துக்கு பரப்பு 6 சதுர செ.மீ, அதையே சமமா 8 குட்டி கனசதுரமா வெட்டுனா மொத்தப் பரப்பு 12 ஆயிடும்ல. சிக்கலே அளக்குறதுலதான். பலூன் மாட்டலாமா, இல்ல தராசுல வச்சு எடை குறையுறத நிமிஷத்துக்கு ஒருதடவை குறிக்கலாமா? தண்ணிக்குள்ள கேஸ் பிடிச்சா கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கரைஞ்சிடுமே. கெமிஸ்ட்ரி டீச்சருங்க யாராச்சும் சொல்லுங்களேன், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மட்டும் வேணாம், சின்ன புள்ளைங்க சுத்தி நிக்கும்.