வால்வு ரேடியோவுக்கு டயல் கயிறு சுற்றத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மாமா வீட்டுப் பரணில் கிடந்த 4 வால்வு ரேடியோ ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வால்வுகள்: ஈசிஹெச் 81, ஈபிஎஃப் 89, ஈசிஎல் 82, ஈஇசட் 80. பின்னட்டைக்குள் போஸ்ட் ஆபீஸ் லைசென்ஸ் புத்தகம்கூட இருந்தது. ரேடியோ கேட்கவே வருடாவருடம் பணம் கட்டிய காலம்!

நேரடியாக பிளக்கில் செருகவில்லை. உள்ளே ஷார்ட் இருந்தாலும் கரண்ட் அதிகம் பாயாமலிருக்க, 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுத்தேன். வால்வுகள் எரிகின்றன, உறுமல் மட்டும் வருகிறது. அந்த உறுமலை நிறுத்த ஃபில்டர் கண்டென்சரை மாற்றப்போகிறேன். மெழுகு வழிந்த பேப்பர் கண்டென்சர்களும் போக வேண்டியவைதான். குறிப்பாக ஈசிஎல் 82-இன் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) போகும் கப்ளிங் கண்டென்சர் கசிந்தால் வால்வே காலி.

அதெல்லாம் சரி, குமிழைத் திருப்பினால் ஸ்டேஷன் முள்ளை நகர்த்தும் டயல் கயிறுதான் படுத்துகிறது. பழையது இற்றுத் துண்டுதுண்டாகிவிட்டது. கயிறு சுற்ற வேண்டியவை: கேங் கண்டென்சர் (ஸ்டேஷன் மாற்றும் கண்டென்சர்) டிரம், 3 கப்பி, ஒரு ஸ்பிரிங். தையல் நூலைச் சுற்றிப் பார்த்தால் குமிழை வலப்பக்கம் திருப்ப, முள் இடப்பக்கம் ஓடுகிறது, நடுவில் வழுக்கவும் செய்கிறது.

இதே வால்வு வரிசை உள்ள செட் யாரிடமாவது இருந்தால், டயல் கண்ணாடியைக் கழற்றி ஒரு போட்டோ போடுங்களேன். குமிழ்த் தண்டில் எத்தனை சுற்று? என்ன நூல் வழுக்காது? அப்புறம், ஈசிஎல் 82 ஸ்பேர் இருந்தாலும் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.